சிவப்புத் தண்ணிக்குப் பக்கத்துல மூணு நாள்

"ஏன் கண்ணு, டிவியிலயே நல்லாத் தெரியுதல்ல? அத்தனை காசு குடுத்து மழையில நிக்கறதுக்கா அங்க போற?"

அம்மா கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியாம "சிக்னல் சரியில்லம்மா"ன்னு சொல்லி ஃபோனை வச்சுட்டேன். ஆனா கேள்வி மட்டும் ஒரு வாரமா மண்டைக்குள்ள உக்காந்திருக்கு.

மேட்டர் இதுதான். வர்ற ஜூலையில பெல்ஜியம் கிராண்ட் பிரீ. நடக்கிற இடம் ஸ்பா-பிராங்கோர்ஷாம். நான் படிக்கிற ஆஹன் ஊர்லேர்ந்து சுமாரா ஐம்பது கிலோமீட்டர். கோயமுத்தூர்லேர்ந்து பொள்ளாச்சிக்குப் போற தூரத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மாஸ்டர்ஸ் முடியப் போகுது, அப்புறம் வேலை எந்த ஊர்ல கிடைக்குமோ ஆண்டவனுக்கே வெளிச்சம். அதோட 2025 ஜனவரியில அறிவிச்ச ஒப்பந்தப்படி 2031 வரைக்கும் ஸ்பாவுல பந்தயம் உண்டு, ஆனா நடுவுல 2028-லயும் 2030-லயும் கிடையாது. இப்ப விட்டா எப்பவோ.

மூணு நாள் டிக்கெட் என் ரூம் வாடகையில முக்கால்வாசி. அதுவும் உக்கார சீட் இல்லாத, புல்லுல நிக்கிற டிக்கெட். சரி, வாழ்க்கையில ஒரு தடவைன்னு மனசைத் தேத்திக்கிட்டு தடத்தோட வரைபடத்தை விரிச்சேன். எந்த இடத்துல நின்னா நல்லாத் தெரியும்? இந்த ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நூறு வருஷ வரலாறுல மாட்டிக்கிட்டேன். பிளான் இன்னும் முடியலை :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேயில. ஸ்கூல் படிக்கும்போது அப்பா டிவிஎஸ்ல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போவார். வெயில்ல தலை வெடிக்கும், காது அடைச்சுப் போகும், வீட்டுக்கு வந்தா அம்மா திட்டும். எங்க ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் காரை இதே ஸ்பாவுல ஓட்டினார்ங்கிறது அப்பா எனக்குச் சொன்ன பல பெருமைகள்ல ஒண்ணு. (அந்தப் பந்தயத்துல எட்டாவதா வந்து புள்ளி எடுத்தது அவரோட டீம்மேட் மொண்டேரோ. அது ஜோர்டான் அணியோட கடைசிப் புள்ளி. அப்பா இதைச் சொன்னதே இல்லை, நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்.)

சரி, ஸ்பாவுக்கு வருவோம்.

இந்தத் தடம் பந்தயத்துக்காகக் கட்டினது இல்லை. ஊருக்கு ஊர் போற ரோடு. முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1920-ல, லியேஜ் நகரத்துல 'லா மியூஸ்'னு ஒரு பத்திரிகை நடத்தின ஜூல் தெ தியேவும் அவர் கூட்டாளிகளும் வரைபடத்தை வச்சுக்கிட்டு யோசிச்சிருக்காங்க. பிராங்கோர்ஷாம், மல்மெடி, ஸ்டாவ்லோன்னு மூணு ஊர். மூணையும் இணைக்கிற ரோடு ஏற்கனவே முக்கோணமா இருக்கு. சுத்தி வந்தா ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வைக்கோல் போரையும் வயலையும் வீட்டு வாசலையும் ஒட்டிப் போற ரோடு. அதையே பந்தயத் தடம்னு அறிவிச்சுட்டாங்க. செலவு மிச்சம்.

1921 ஆகஸ்ட்ல முதல் கார் பந்தயம்னு தேதி குறிச்சாங்க. பேர் குடுத்தது எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர். ஒரே ஒருத்தர். தனியா ஓட்டி ஜெயிக்கிறதுல என்ன இருக்குன்னு கார் பந்தயத்தை ரத்து பண்ணிட்டு மோட்டார் சைக்கிளை ஓட விட்டாங்க. கார் பந்தயம் 1922-லதான் நடந்துச்சு. 1924-ல 24 மணி நேரப் பந்தயம் (பிரான்ஸ்காரங்க லெ மான்ஸ்ல ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு). 1925-ல முதல் கிராண்ட் பிரீ.

அந்த 1925 பந்தயத்தைப் பத்தி ஒரு கதை உண்டு. ஏழு கார்தான் கிளம்புச்சு: நாலு டெலாஜ், மூணு ஆல்ஃபா ரோமியோ. டெலாஜ் நாலும் வரிசையா படுத்துருச்சு. மிஞ்சினதெல்லாம் ஆல்ஃபா. கூட்டம் கடுப்பாகிக் கூச்சல் போட ஆரம்பிச்சிருச்சு. உடனே ஆல்ஃபாவோட இன்ஜினியர் விட்டோரியோ யானோ, பிட்ல மேசையைப் போட்டுச் சாப்பாடு பரிமாறச் சொல்லி, டிரைவர்களைக் கூப்பிட்டு உக்காரவச்சு சாப்பிட வச்சாராம். அதுக்குள்ள மெக்கானிக்குகள் காரைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கினாங்களாம். பந்தயத்துக்கு நடுவுல பந்தி! உண்மையோ கொஞ்சம் மசாலா சேர்த்ததோ, நூறு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஜெயிச்சது அன்டோனியோ அஸ்காரி. அதுக்கு அடுத்த மாசமே பாரிஸ் பக்கத்துல மோன்லேரி தடத்துல அவர் செத்துப் போனார். சாப்பாட்டுக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இந்த இடத்துக்கு முன்னாடியே நிறுத்திடறாங்க.

இப்ப நான் நிக்க ஆசைப்படற இடத்துக்கு வர்றேன். ஓ ரூஜ். பார்முலா ஒன் பார்க்கிற யாரை எழுப்பிக் கேட்டாலும் முதல்ல சொல்ற வளைவு. பிரெஞ்சுல 'சிவப்புத் தண்ணி'ன்னு அர்த்தம். உண்மையிலேயே அங்க ஒரு சின்ன ஓடை ஓடுது. இரும்புச்சத்து உள்ள தண்ணி, அடியில இருக்கிற கல்லெல்லாம் துருப்பிடிச்ச நிறம். பக்கத்து ஊர் ஸ்பாவே அந்த ஊத்துத் தண்ணியால பேர் வாங்கின ஊர்தான். இன்னைக்கு நம்ம ஊர் மால்ல 'ஸ்பா'ன்னு போர்டு வச்சு மசாஜ் பண்றாங்களே, அந்த வார்த்தைக்கே இந்த ஊர்தான் மூலம்.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது வேற விஷயம். அந்த ஓடைதான் எல்லையா இருந்திருக்கு. 1920-க்கு முன்னாடி ஓடைக்கு இந்தப் பக்கம் பெல்ஜியம், அந்தப் பக்கம் ஜெர்மனி. மல்மெடி ஜெர்மனியோட ஊர். வெர்சாய் ஒப்பந்தத்துல தோத்தவங்க கிட்டேர்ந்து பிடுங்கி பெல்ஜியத்துக்குக் குடுத்தாங்க. குடுத்த சூட்டோட, புதுசா வந்த ஊரையும் பழைய ஊரையும் ஒரே ரோட்டுல கட்டி பந்தயத் தடம் ஆக்கிட்டாங்க. வேணும்னே பண்ணாங்களான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வரைபடத்தைப் பார்த்தா அப்படித்தான் தோணுது. ஓடை தாண்டினதும் பழைய சுங்கச்சாவடி இருந்த இடத்துல ஒரு கொண்டை ஊசி வளைவு. அதுக்குப் பேரே 'பழைய சுங்கச்சாவடி வளைவு'.

கையில ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்டை வச்சுக்கிட்டு, எல்லை எங்க இருக்குன்னே தெரியாம ரயில்ல பெல்ஜியத்துக்குள்ள போயிட்டு வர்ற எனக்கு இது ரொம்ப விசித்திரமா இருந்துச்சு. கார் அத்தனை வேகமாத் தாண்டுற இடத்துல ஒரு காலத்துல போலீஸ்காரர் பெட்டியைத் திறன்னு சொல்லியிருப்பார்.

1939-ல அந்தக் கொண்டை ஊசியை வெட்டிட்டாங்க. சுத்திப் போறதால வேகம் குறையுதுன்னு, ஓடையைத் தாண்டினதும் நேரா மலை மேல ஏத்தி விட்டாங்க. அதுதான் ரெடியோன். (டிவியில எல்லாரும் ஏத்தத்தையே ஓ ரூஜ்னு சொல்வாங்க. கீழ ஓடை கிட்ட இருக்கிற இடது வளைவுதான் ஓ ரூஜ், மேல ஏர்றது ரெடியோன். நானும் பத்து வருஷம் தப்பாத்தான் சொல்லிட்டு இருந்தேன்.) ஏத்தத்துல வரும்போது டிரைவருக்கு முன்னாடி வானம் மட்டும்தான் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அதே 1939 ஜூன்ல நடந்த கிராண்ட் பிரீ மழையில ஓடுச்சு. மெர்சிடிஸ் காரை ஓட்டின இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் சீமன், முன்னணியில போய்க்கிட்டு இருக்கும்போது வழுக்கி மரத்துல மோதி, கார் தீப்பிடிச்சு, அன்னைக்கு ராத்திரியே இறந்துட்டார். அவர் அடக்கத்துக்கு ஹிட்லர் மலர்வளையம் அனுப்பினார். ரெண்டு மாசத்துல போர். 1944 டிசம்பர்ல இதே காட்டுல ஜெர்மன் படை திரும்ப வந்துச்சு. மல்மெடிக்குப் பக்கத்துல பொன்யே கூட்ரோட்டுல சரணடைஞ்ச அமெரிக்கக் கைதிகள் 84 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. பழைய தடத்துலேர்ந்து சில கிலோமீட்டர்தான். போர் முடிஞ்சு 1947-ல திரும்பவும் கிராண்ட் பிரீ ஓடிருச்சு.

இப்ப இருக்கிற தடம் 7 கிலோமீட்டர். பழசு அதுல ரெண்டு மடங்கு. மிச்ச ரோடு இன்னமும் அங்கேயே இருக்கு, சும்மா டிராக்டரும் பால் வண்டியும் போற ரோடா. அதனால என் பிளான்ல வியாழக்கிழமையைப் பழைய தடத்தை நடக்கிறதுக்குன்னு ஒதுக்கியிருக்கேன். லே கோம்ப்ல ஆரம்பிச்சு, புர்னன்வில் வழியா மல்மெடிக்கு இறங்கி, மாஸ்டா நேர்பாதையில நடந்து, ஸ்டாவ்லோ போய்ச் சேரணும். ஸ்டாவ்லோ மடாலயத்துக்குள்ள தடத்தோட அருங்காட்சியகம் இருக்கு. அதே கட்டடத்துல கவிஞர் அப்போலினேருக்கும் ஒரு அருங்காட்சியகம். அவர் 1899-ல, 19 வயசுல, இந்த ஊர்ல மாசக்கணக்குல தங்கிட்டு, வாடகை குடுக்காம ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போனவர். ஸ்டூடண்டுகளுக்கு நெருக்கமான மனுஷன்.

மாஸ்டாவுல எதுக்கு நடக்கணும்? அங்கதான் இந்த விளையாட்டு மாறுச்சு.

மாஸ்டா ஒரு நீளமான நேர்பாதை. நடுவுல, வீடுகளுக்கு ஊடால, ஒரு சின்ன நெளிவு. அந்தக் காலத்து காரை ஏறக்குறைய முழு வேகத்துல அதுக்குள்ள விடணும். ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவர், தந்திக் கம்பம், முள்வேலி. அவ்வளவுதான் பாதுகாப்பு. ஜிம் கிளார்க் 1962-லேர்ந்து 1965 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் ஸ்பாவுல ஜெயிச்சார். 1963-ல மழையில ரெண்டாவதா வந்தவரை விடக் கிட்டத்தட்ட 5 நிமிஷம் முன்னாடி. அப்படிப்பட்டவர் இந்தத் தடத்தை அடியோடு வெறுத்தார். காரணம் இல்லாம இல்லை. 1958-ல அவர் இங்க முதல் தடவை ஓட்டின பந்தயத்துல ஆர்ச்சி ஸ்காட் பிரவுன் செத்தார். 1960 கிராண்ட் பிரீயில, பிராக்டீஸ்லயே ஸ்டெர்லிங் மாஸுக்கு ரெண்டு காலும் உடைஞ்சுது, மைக் டெய்லருக்கு கார்ல ஸ்டியரிங் முறிஞ்சு ஓட்டற வாழ்க்கையே முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல கிறிஸ் பிரிஸ்டோ செத்தார், 22 வயசு. ரோட்டுல கிடந்த அந்த உடம்பு மேல ஏத்தாம கிளார்க் மயிரிழையில தப்பினார். கொஞ்ச நேரத்துல கிளார்க்கோட டீம்மேட் ஆலன் ஸ்டேஸி, முகத்துல ஒரு பறவை அடிச்சுக் கட்டுப்பாடு போய்ச் செத்தார். பந்தயத்தை யாரும் நிறுத்தலை. ஜாக் பிராபம் ஜெயிச்சு மாலை வாங்கிட்டுப் போனார்.

1966 ஜூன் 12. கிளம்பும்போது காய்ஞ்சிருந்த ரோடு, முதல் சுத்துலயே தூரத்துல மழை. ஸ்பாவுல இது சகஜம். ஒரு மூலையில வெயில் அடிக்கும், இன்னொரு மூலையில கொட்டும். 15 கார்ல ஏறக்குறைய பாதி அந்த முதல் சுத்துலயே காலி. ஜாக்கி ஸ்டூவர்ட்டோட பிஆர்எம் கார் மாஸ்டா நெளிவுல தண்ணியில மிதந்து, தந்திக் கம்பத்துல இடிச்சு, ஒரு பண்ணை வீட்டுப் பக்கத்துல போய் விழுந்துச்சு. கார் நசுங்கி அவர் கால் மாட்டிக்கிச்சு. டேங்க் உடைஞ்சு பெட்ரோல் அவர் மேலயே கொட்டிக்கிட்டு இருக்கு. ஒரு தீப்பொறி போதும். உதவிக்கு வந்தது யாரு? மார்ஷலோ டாக்டரோ இல்லை. அதே இடத்துல வழுக்கி விழுந்த கிரஹாம் ஹில்லும், பாப் பாண்டுரன்ட்டும். ஸ்டியரிங்கைக் கழட்டினாத்தான் ஆளை வெளிய எடுக்க முடியும். கழட்ட ஸ்பேனர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தரோட கார் டூல் பாக்ஸ்லேர்ந்து ஸ்பேனர் வாங்கி கழட்டியிருக்காங்க. 25 நிமிஷம் ஆச்சு.

அப்புறமாவது நிம்மதியா? பெட்ரோல் தோலைப் பொசுக்குதுன்னு துணியைக் கழட்டி ஒரு பண்ணைக் கொட்டகையில படுக்க வச்சாங்க. ஒருவழியா ஆம்புலன்ஸ் வந்து முதலுதவி இடத்துக்குக் கொண்டு போனா, தரையில, சிகரெட் துண்டுகளுக்கு நடுவுல ஸ்ட்ரெச்சரை வச்சிருக்காங்க. அங்கேர்ந்து லியேஜ் ஆஸ்பத்திரிக்குப் போற ஆம்புலன்ஸ் வழி தப்பிப் போச்சு. இதையெல்லாம் ஸ்டூவர்ட்டே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கார்.

அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஸ்பேனரை ஸ்டியரிங் பக்கத்துல டேப் போட்டு ஒட்டிக்கிட்டுத்தான் கார்ல ஏறினார். சீட் பெல்ட் வேணும், தடத்தோரம் தடுப்பு வேணும், டாக்டர் வேணும்னு கேக்க ஆரம்பிச்சார். அதுக்கு என்ன மரியாதை கிடைச்சுது? பயந்தாங்கொள்ளின்னு பேர். தட முதலாளிகள் திட்டினாங்க, பத்திரிகைக்காரங்க எழுதினாங்க, ரசிகர்களும் சேர்ந்துக்கிட்டாங்க. 1969-ல டிரைவர்கள் ஒண்ணா நின்னு ஸ்பாவுல ஓட்ட மாட்டோம்னாங்க, பந்தயமே நடக்கலை. 1970-ல கொஞ்சம் தடுப்புக் கம்பி போட்டுக் கடைசியா ஒரு தடவை பழைய தடத்துல ஓடினாங்க. பெட்ரோ ரோட்ரிகெஸ் ஜெயிச்சார். சராசரி வேகமே மணிக்கு சுமார் 241 கிலோமீட்டர், அதுவும் டிராக்டர் போற ரோட்டுல. ரெண்டாவது வந்த கிறிஸ் ஏமன் ஒரு செகண்டு சொச்சம்தான் பின்னாடி. அதோட பார்முலா ஒன் கிளம்பிருச்சு. நிவெல், ஸோல்டர்னு வேற தடங்களுக்குப் போயிருச்சு. ஆனா ஸ்பாவுல 24 மணி நேரப் பந்தயம் மட்டும் பழைய தடத்துலயே தொடர்ந்துச்சு. 1973-ல அதுல மூணு பேர் உயிர் போச்சு.

1979-ல தடத்தைப் பாதியா வெட்டினாங்க. மல்மெடியும் மாஸ்டாவும் ஸ்டாவ்லோவும் வெளிய. ஓ ரூஜும் ரெடியோனும் உள்ள. 1983-ல பார்முலா ஒன் திரும்பி வந்துச்சு, பிராஸ்ட் ஜெயிச்சார். பாக்கி இருக்கிற 7 கிலோமீட்டருமே உலகத்துலயே அழகான தடம்னு இன்னைக்கு நாம கொண்டாடறோம். ஸ்டூவர்ட் அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்த 7 கிலோமீட்டர்ல பார்முலா ஒன் ஓடியிருக்குமாங்கிறதே எனக்குச் சந்தேகம்.

டிக்கெட் வாங்கினவங்க கதையையும் சொல்லணுமே. 1985 ஜூன்ல தடத்துக்குப் புதுசாத் தார் போட்டாங்க. மழைத் தண்ணி வேகமா வடியற மாதிரி ஸ்பெஷல் தார். வெள்ளிக்கிழமை கார் ஓட ஆரம்பிச்சதும் அது பேர்த்துக்கிட்டு வந்துருச்சு. ஒட்டுப் போட்டும் நிக்கலை. ஞாயித்துக்கிழமை பந்தயம் கிடையாது, வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. செப்டம்பர்ல திரும்ப நடத்தினப்ப மழையில சென்னா ஜெயிச்சார். ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, செப்டம்பர் 1-ம் தேதி, 1000 கிலோமீட்டர் பந்தயத்துல, ஸ்டெஃபன் பெல்லோஃப்னு ஒரு ஜெர்மன் இளைஞர், ஜாக்கி இக்ஸை ஓ ரூஜ்ல முந்தப் போய் மோதிச் செத்திருந்தார். 27 வயசு. ஓ ரூஜ்ல யாரும் முந்த மாட்டாங்க, அவர் முந்தப் பார்த்தார். அதைச் சொல்லும்போது இன்னைக்கும் ரசிகர்கள் குரல்ல ஒரு பெருமை இருக்கும். என் குரல்லயும்தான்.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. 2000 வரைக்கும் ரெடியோன் பொதுச் சாலை. பந்தயம் இல்லாத நாள்ல யாரு வேணும்னாலும் தன்னோட டப்பா காரை எடுத்துக்கிட்டு, எதிர்ல லாரி வர, அதுல ஏறலாம். அந்தப் பாக்கியம் நமக்கு இல்லை.

மழைக்கு வருவோம், அம்மாவோட கேள்வியே அதைப் பத்தித்தானே. எங்க யூனிவர்சிட்டி சீனியர் அண்ணா ஒருத்தர் 2021-ல போனார். ஆகஸ்ட் 29, ஞாயித்துக்கிழமை. விடியக்காலையில கிளம்பி, காட்டு மேட்டுல எடம் பிடிச்சு, ரெயின்கோட்டோட நின்னிருக்கார். மதியம் மூணு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. சேஃப்டி கார் பின்னாடி கொஞ்சம் சுத்தினாங்க, நிறுத்தினாங்க. மூணு மணி நேரம் ஒண்ணும் இல்லை. சாயங்காலம் ஆறேகாலுக்கு மேல திரும்ப சேஃப்டி கார் பின்னாடி ஊர்வலம் மாதிரி ரெண்டு மூணு சுத்து. முடிஞ்சது பந்தயம். வெர்ஸ்டாப்பன் முதல், ரஸ்ஸல் ரெண்டாவது, ஹாமில்டன் மூணாவது, பாதிப் புள்ளி. ஒருத்தர் கூட ஒருத்தரை முந்தலை. ரசிகர்களுக்குக் காசைத் திருப்பிக் குடுக்கணும்னு ஹாமில்டனே சொன்னார்.

"செம்ம கடுப்புடா, ஒரு மாசம் மெஸ் காசு. ஓட்ட விட்டிருக்கலாம்"னு அண்ணா எங்கிட்ட எத்தனையோ தடவை புலம்பியிருக்கார். நானும் "ஆமாண்ணா, இவனுங்க ரொம்பத்தான் பயப்படறானுங்க"ன்னு ஒத்து ஊதியிருக்கேன்.

அங்கதான் எனக்குக் கொஞ்சம் உறுத்த ஆரம்பிச்சுது.

2019 ஆகஸ்ட் 31. சனிக்கிழமை சாயங்காலம், ஃபார்முலா 2 பந்தயம். அப்ப நான் ஊர்ல ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தேன், டியூஷனைக் கட் அடிச்சுட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். ரெண்டாவது சுத்து. ரெடியோன் மேட்டுல ஒரு கார் சுழண்டுச்சு. பின்னாடி வந்த ஆந்த்வான் யூபேர் விலகப் போய், ஓரத் தடுப்புல மோதி, பந்து மாதிரி எகிறித் தடத்துக்கே திரும்பி வந்தார். மேட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம முழு வேகத்துல ஏறி வந்த கார் அவர் மேல பக்கவாட்டுல அடிச்சது. யூபேர் இறந்துட்டார். 22 வயசு. அடிச்ச காரை ஓட்டின ஹுவான் மனுவெல் கொரெயாவுக்குக் கால் ரெண்டும் நொறுங்கிப் போச்சு. (அவர் பல ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்ப வந்து ஓட்டினார்.) மறுநாள் லெக்லெர் தன்னோட முதல் பார்முலா ஒன் வெற்றியை அங்கேயே ஜெயிச்சு, சின்ன வயசுலேர்ந்து கூட ஓட்டின யூபேருக்குச் சமர்ப்பணம் பண்ணார். அடுத்த வருஷம் பியேர் கேஸ்லி அந்த மேட்டுல வந்து பூ வச்சார். டிவியில ஆக்ஸிடென்ட்டைத் திரும்பக் காட்டலை. அப்பா ஒண்ணும் பேசாம ரிமோட்டை எடுத்து அணைச்சுட்டார்.

யூபேர் சாவுக்கு ரெடியோனோட அமைப்பும் ஒரு காரணம்னு பலரும் சொன்னாங்க. மோதின கார் தடத்துக்குத் திரும்பி வருது, வர்றது பின்னாடி இருக்கிறவனுக்குத் தெரியலை. 2022-க்கு முன்னாடி தடுப்பைத் தள்ளி வச்சு, ஓரத்தை அகலமாக்கி, ஜல்லி கொட்டினாங்க. புதுசா கேலரியும் கட்டினாங்க. அந்தப் படங்களைப் பார்த்துட்டு நான் ஃபிரண்ட்ஸ் குரூப்ல என்ன எழுதினேன்னு போன வாரம் தேடி எடுத்தேன். "ரெடியோனைக் கெடுத்துட்டானுங்க, இனி அதுல கிக் இல்லை." மூணு வருஷம் முன்னாடி டிவி முன்னாடி அழுத அதே ஆள்தான் இதை எழுதினது.

2023 ஜூலை 1-ம் தேதி, கொட்டற மழையில ஒரு ஜூனியர் பந்தயத்துல, ரெடியோன் தாண்டி கெம்மல் நேர்பாதையில, டிலானோ வான்ட் ஹாஃப் செத்தார். 18 வயசு. முன்னாடி போற கார் கிளப்பற தண்ணிப் புகையில யாருக்கும் ஒண்ணும் தெரியலை, நடுத் தடத்துல நின்ன காரை இன்னொரு கார் அடிச்சுது. 2021-ல எங்க அண்ணா "ஓட்ட விட்டிருக்கலாம்"னு சொன்ன மழை இதே மாதிரி மழைதான். 2025-ல மழையால பந்தயத்தை எண்பது நிமிஷம் தள்ளி வச்சப்ப இணையத்துல அதே புலம்பல் திரும்பவும் கேட்டுச்சு. மழை விட்டப்புறம் ஓட்டினாங்க, பியாஸ்ட்ரி ஜெயிச்சார், எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க.

1966-ல ஸ்டூவர்ட்டைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்ன ரசிகனைப் படிக்கும்போது எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அவன் யாருன்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குரூப்ல தேடினாப் போதும்.

அதுக்காகப் போகாம இருக்கப் போறேனா? அதான் இல்லை. இவ்வளவு எழுதினதுக்கு அப்புறமும் ரெடியோன்ல அந்த காருங்க ஏர்றதை நேர்ல பார்க்கணும்னு கை நமைச்சல் எடுக்குது. டிவியில அந்த ஏத்தம் தெரியவே தெரியாது, தட்டையாத் தெரியும், நேர்ல சுவர் மாதிரி நிக்கும்னு போயிட்டு வந்த எல்லாரும் சொல்றாங்க. (அம்மா, உன் கேள்விக்கு இது ஒரு பதில்.)

ஒரு வழியா நேத்து ராத்திரி டிக்கெட் போட்டுட்டேன். பிளான் இப்படி. வியாழன் காலையில ரயில்ல வெல்கென்ராட் வழியா வெர்வியே, அங்கேர்ந்து பஸ். மாஸ்டாவுல நடை. அந்தப் பண்ணைப் பக்கம் யாராவது பெரியவர் இருந்தா 1966 பத்திக் கேக்கணும்; எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு வச்சு ரொட்டிதான் வாங்க முடியும், பார்ப்போம். ராத்திரி கேம்ப், டென்ட்டு அண்ணா குடுக்கறார், 2021-ல நனைஞ்ச அதே டென்ட்டு. வெள்ளி முழுக்கக் கெம்மல் மேட்டுப் புல்லு, கார் ரெடியோன் ஏறி முடிக்கிற இடம் பார்த்து. சனிக்கிழமை காலையில சின்னப் பசங்க ஓட்டற பந்தயங்கள் இருக்கு, பெரும்பாலானவங்க அந்நேரம் தூங்குவாங்க. அதை விடறதா இல்லை. ஞாயித்துக்கிழமை எடம் பிடிக்க காலை அஞ்சு மணிக்கே போகணுமாம்.

மழை வந்து பந்தயத்தைத் தள்ளி வச்சா நிக்கறதுக்கு ரப்பர் பூட்ஸ், ரெண்டு ரெயின்கோட்டு, ஒரு டப்பா புளிசாதம், அம்மா அனுப்பின தேங்குழல்ல மிச்சம் இருக்கிறது. அண்ணாவையும் கூப்பிட்டேன். "மழை பெஞ்சா?"ன்னு கேட்டார். பெஞ்சா உக்காந்து தேங்குழல் சாப்பிடுவோம்னேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.